பெயர் நின்ற கோடு

எழுத்துகள் சொன்ன பேச்சைக் கேட்காமல் போனது பனையடிப்பேரியில் சோடாக்கடை வேலாயுதம் இறந்த அன்று காலையில்தான் தொடங்கியது, ஆனால் அன்று அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் மூன்று மணிக்கு எடுப்பதென்று முடிவாகியிருந்தது, அதற்குள் தெருமுனையில் ஃபிளக்ஸ் கட்டியாக வேண்டும், செத்தவனுக்குச் சங்கு ஊத ஆள் கிடைக்காவிட்டாலும் ஃபிளக்ஸ் இல்லாமல் எடுக்கக்கூடாது என்பது அந்த ஊரில் வழக்கமாகி வெகுநாள் ஆகியிருந்தது.

தவசிக்கனி அண்ணாச்சியின் ஃபிளக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவள் தங்கபுஷ்பம். பதினோரு வருஷமாக அதே நாற்காலி. ஊரில் பிறந்த பிள்ளைக்குக் காதுகுத்து, வயதுக்கு வந்த பெண்ணுக்குச் சடங்கு, கல்யாணம், கருமாதி எல்லாம் அவள் கைவழியாகத்தான் தெருவுக்குப் போயின. படத்தை நடுவில் வைத்து, தலைக்கு மேலே வானவில் போல ஒரு வளைகோடு போடுவாள். கோட்டின் நுனியில் மவுஸை வைத்துத் தட்டிப் பெயரை அடித்தால் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து, மின்கம்பியில் இரட்டைவால் குருவிகள் அமர்வதுபோல அந்தக் கோட்டின்மேல் அமரும். கோடு அச்சில் வராது. தெருவில் நின்று பார்க்கிறவர்களுக்கு எழுத்து தெரியும், எழுத்தைத் தாங்குவது எதுவென்று தெரியாது. அந்த வேலையில் அவளுக்குப் பிடித்திருந்தது அது ஒன்றுதான்.

அன்று வேலாயுதத்தின் தலைக்கு மேலே அரைவட்டம் போட்டுப் பெயரை அடித்தாள். ஒரு கண்சிமிட்டும் நேரம் எழுத்துகள் ஒழுங்காக நின்றன. பிறகு கோடு மழைக்கு வெளியே வந்த மண்புழுபோல நெளிந்து, இடப்பக்கம் இறங்கி, குளத்தைச் சுற்றுவதுபோலச் சுற்றி, ஓரிடத்தில் மட்டும் வெளியே புடைத்து, மறுபடி உள்ளே வந்து நின்றது. எழுத்துகளும் அதன்மேல் ஆளுக்கொரு திசையில் சாய்ந்து நின்றன. அவள் அழித்துவிட்டு மறுபடி போட்டாள். மறுபடியும் அதே நெளிவு. அண்ணாச்சி வந்து பார்த்துவிட்டு, செத்தவன் என்ன அழகா பாக்கப்போறான், அப்படியே அடிச்சு அனுப்பு என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஃபிளக்ஸ் கட்டிய அரைமணி நேரத்தில் வேலாயுதத்தின் தம்பி சொக்கலிங்கம் அதன் முன்னால் வந்து நின்றார். அண்ணனும் தம்பியும் இருபத்திரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. தம்பி வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது என்பதற்காகவே வேலாயுதம் தினமும் குளத்தைச் சுற்றி வீட்டுக்குப் போகிறார் என்று ஊரே சொல்லும், தம்பியும் அதைத்தான் நம்பியிருந்தார். இப்போது அவர் ஃபிளக்ஸைப் பார்த்தார். முதல் எழுத்து சோடாக்கடையில் நின்றது. அடுத்தது குளத்துப் படித்துறை, அதற்கடுத்தது பள்ளிக்கூட முக்கு. கோடு புடைத்திருந்த இடத்தில் நான்காவது எழுத்து தனியாக நின்றது. சொக்கலிங்கம் அந்த எழுத்தின்மேல் விரலை வைத்தார்.

"இது நம்ம மாட்டுத்தொழுவத்துப் பின்சுவரு," என்றார். "இங்க வந்து தினமும் நின்னுருக்கானே."

பிறகு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போய்ப் பாடைக்குத் தோள் கொடுத்தார்.

அப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது. தங்கபுஷ்பம் வளைகோட்டில் வைக்கிற பெயர் அந்த ஆள் வாழ்நாளில் நடந்த வழியிலேயே போய் நிற்கும். கால் எங்கே நின்றதோ அங்கே எழுத்து நிற்கும். செத்தவர் பெயரில் கடைசி எழுத்து நட்டுவைத்த கல்லாக நேரே நிற்கும். உயிரோடிருப்பவர் பெயரில் அது முன்பக்கம் சாய்ந்து, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி கொஞ்சம் அசைந்துகொண்டே இருக்கும். ஏன் இப்படி என்று யாரும் கேட்கவில்லை. மழை பெய்தால் குடையைத் தேடுகிற ஊர் அது, வானத்தை விசாரிக்கிற ஊர் இல்லை.

மாப்பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் ஜாதகத்தோடு பெயரையும் வளைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். டியூஷனுக்குப் போன பிள்ளைகள் உண்மையிலேயே டியூஷனுக்குப் போனார்கள். சில பெண்கள் புருஷன் பெயரை எழுதிக்கொண்டு கடைப்படி வரைக்கும் வந்து, நின்று யோசித்து, காதுகுத்து ஃபிளக்ஸ் எப்ப ரெடியாகும் என்று வேறு எதையோ கேட்டுவிட்டுத் திரும்பினார்கள். கிழவர்கள் தங்கள் கோடு செத்தபிறகு பார்க்க லட்சணமாக இருக்கவேண்டுமென்று சாயங்காலம் கோயிலைச் சுற்றி வட்டம் வட்டமாக நடந்தார்கள், வாலிபர்கள் பிடித்த பெண்ணின் தெருவில் பூப்போல ஐந்து இதழ் விழும்படி நடந்து பழகினார்கள், தெருநாய்கள் இதையெல்லாம் பார்த்துப் பார்த்துக் குரைத்துக் களைத்துப்போயின.

ஒரே ஒரு தடவைதான் தப்பு நடந்தது. ஏழாம் வார்டு கவுன்சிலர் செண்பகராஜின் பிறந்தநாள் ஃபிளக்ஸில் அவர் கோடு தினமும் வீட்டைத் தாண்டி ஒரு சந்துக்குள் போய்ச் சுருண்டு கிடந்தது. மனுஷன் வியர்த்துப்போய், கொஞ்சம் நேராக இழுத்துவிடு தாயி என்று கேட்டார். தங்கபுஷ்பமும் யோசிக்காமல் கோட்டின் முனையைப் பிடித்து நேராக இழுத்துவிட்டாள். மறுநாள் காலையில் வீட்டை விட்டு இறங்கிய கவுன்சிலரால் தெருமுக்கில் திரும்ப முடியவில்லை. நேரே நடந்தார். தையல் வகுப்புக்குள் நுழைந்து மறுவாசல் வழியாக வெளியேறினார், வைக்கோற்போரில் ஏறி இறங்கினார், வணக்கம் சொன்னவர்களுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டே குளத்துக்குள் இறங்கிக் கழுத்தளவு தண்ணீரில் போய்க்கொண்டிருந்தபோது யாரோ அண்ணாச்சிக்குப் போன் போட, தங்கபுஷ்பம் பதறிக் கோட்டைப் பழையபடி வளைத்துவிட்டாள். அன்றோடு ஊர்க்கூட்டத்தில் ஒரு கட்டுப்பாடு வந்தது: கோடு போடலாம், பார்க்கலாம், அச்சடிக்கலாம், ஒருத்தர் கோட்டின் முனையை இன்னொருத்தர் இழுக்கக்கூடாது.

இத்தனை பெயரை வளைத்தவள் ஒரு பெயரை மட்டும் வளைக்கவில்லை. அது ஊருக்கும் தெரியும்.

அவள் புருஷன் சிவனணைந்த பெருமாள் லோடு வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன். கால் தரிக்காத மனுஷன். சாப்பிடும்போதுகூட ஒரு முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில், வேனின் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டு வந்துருதேன் என்று சொல்லிப் போனவன் வரவில்லை. சண்டை இல்லை, கடுதாசி இல்லை. மகள் சிந்துஜா அப்போது பத்தாம் வகுப்பு. அவன் போனபிறகு அந்த ஆட்டம் தங்கபுஷ்பத்தின் காலுக்கு வந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தால் குதிகால் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும், அடுப்பில் பால் வைத்தால் வாசலுக்கும் அடுப்புக்குமாக நாலு தடவை நடப்பாள், தூக்கத்திலும் போர்வை விலகிக் கிடக்கும். தினமும் கடையைத் திறந்ததும் புதுப் பக்கம் ஒன்றை எடுப்பாள், ஒரு கோடு போடுவாள், 'சி' என்று அடிப்பாள். எழுத்து அசைவதற்குள் அழித்துவிடுவாள். கடைசி எழுத்து நேரே நின்றுவிட்டால் என்ன செய்வது என்பது ஒரு பயம். சாய்ந்து நின்றால் என்ன செய்வது என்பது அதைவிடப் பெரிய பயம்.

மாசி மாதம் சிந்துஜாவுக்கு வைகாசியில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா லிங்கவடிவு கடற்கரைப் பக்கத்துக்காரி, சத்தம் பெரிது, மனசு கெட்டதில்லை. பத்திரிகை மாதிரி பார்க்கக் கடைக்கே வந்தவள், கலர் ஃபிளக்ஸ் ரோல்களுக்கு நடுவில் முக்காலியில் உட்கார்ந்து, அண்ணாச்சி வாங்கிக் கொடுத்த காப்பியைக் குடித்து முடித்தபிறகு விஷயத்துக்கு வந்தாள்.

"மைனி, நான் ஒளிச்சு மறைச்சுப் பேசத் தெரியாதவ. பத்திரிகையில பொண்ணுக்கு அப்பா பேரு போடணும். பேருக்கு முன்னால தெய்வத்திருன்னு போடணுமா, போடாண்டாமா? எங்க சனம் அதைத்தான் முதல்ல வாசிக்கும்."

தங்கபுஷ்பம் மாதிரிப் பத்திரிகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். குதிகால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.

லிங்கவடிவு குரலைத் தணித்துக்கொண்டு மற்றதையும் சொன்னாள். அவர் இருக்கிறாரென்றால் நீங்கள் மணவறையில் நின்று மகளைக் கைபிடித்துக் கொடுக்கலாம். இல்லையென்றால் வேறு யார் நிற்பது என்று இப்போதே முடிவு செய்யவேண்டும், அன்றைக்கு வந்து ஆளாளுக்கு ஒன்று பேசினால் பிள்ளை முகம் வாடிப்போகும். ஊரெல்லாம் சொல்லுகிற உங்கள் மெஷினில் உங்கள் வீட்டுப் பெயரைப் பார்த்துச் சொன்னால் போதும். பங்குனி உத்திரத்துக்குள் சொல்லிவிட்டால் அச்சுக்குக் கொடுத்துவிடலாம்.

சிந்துஜாவிடம் சொன்னபோது அவள் கோபப்பட்டாள். அம்மா பேரை மட்டும் போட்டால் என்ன, வளர்த்தது நீ என்றாள். அது சரிதான், ஆனால் மகளைக் கைபிடித்துக் கொடுக்கிற அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் தங்கபுஷ்பம் ஒன்பது வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அதை வேறு ஒரு சோடியிடம் கொடுத்துவிட்டுத் தூணுக்குப் பின்னால் நிற்க அவளால் முடியாது. ஒரு வாரம் நடந்து நடந்து தேய்ந்தாள். எட்டாம் நாள் மத்தியானம், சாப்பாட்டுக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அண்ணாச்சி ஒரு பக்கமும் சிந்துஜா ஒரு பக்கமுமாக நிற்க, கோடு போட்டுப் பெயரை அடித்தாள். இந்தத் தடவை அழிக்கவில்லை.

கோடு கிளம்பியது. வீட்டு வாசலில் 'சி'யை நிறுத்திவிட்டு, பஸ் ஸ்டாண்டில் 'வ'வை நிறுத்திவிட்டு, மலையடிவாரத்தில் ஒன்று, மலைக்கு அந்தப் பக்கம் மழை பெய்யும் ஊரில் ஒன்று என்று விட்டுக்கொண்டே போய்ப் பக்கத்தின் விளிம்பைத் தாண்டிவிட்டது. தங்கபுஷ்பம் பக்கத்தைப் பெரிதாக்கினாள். கோடு வடக்கே போனது. மறுபடி பெரிதாக்கினாள். கோடு சுற்றிக்கொண்டு தெற்கே இறங்கி வந்து, பனையடிப்பேரியை நெருங்கி, ஊருக்குள் வராமல் கூர்மையாகத் திரும்பி, மறுபடி வடக்கே போனது. மறுபடி வந்தது. மறுபடி திரும்பியது. எட்டுத் தடவை. எட்டு இதழும் ஒரே புள்ளியில் தொட்டுக்கொள்ள, கிழிந்த பூ ஒன்று திரை முழுக்க விரிந்து கிடந்தது.

பெயர் முழுசாக இல்லை. 'சிவனணைந்த பெ' வரைக்கும்தான் நின்றது. மிச்சம் மூன்று எழுத்தைக் காணோம். கோட்டின் முனையில், எங்கோ வடக்கே, ஒரு சின்னக் கூட்டல் குறி மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. கோட்டில் எழுத்து நிற்க இடம் போதாவிட்டால் மெஷின் காட்டுகிற குறி அது. எழுத்து தொலைந்துபோகவில்லை, உள்ளே காத்திருக்கிறது என்று அர்த்தம். இத்தனை நீளக் கோட்டில் இடம் போதவில்லை. நடந்த தூரம் எவ்வளவாக இருந்தால் என்ன, நின்ற இடம் அத்தனைதான்.

"முனை துடிக்குதுல்லா, ஆளு இருக்கான்," என்றார் அண்ணாச்சி. மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "இருக்கான் புஷ்பம். தெய்வத்திரு வேண்டாம்."

செய்தி போய் லிங்கவடிவு போனில் வந்தாள். அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷம். பிறகு யோசித்துவிட்டு, இருக்கிறவர் மணவறைக்கு வராவிட்டால் அது இல்லாததைவிட மோசமில்லையா என்றாள். முனையைப் பிடித்து ஒரு நாளைக்கு மட்டும் மண்டபத்துக்கு இழுத்துவிட முடியாதா, பிறகு அவர் பாட்டுக்குப் போகட்டும் என்றாள். அண்ணாச்சியும், கட்டுப்பாடு அடுத்தவன் கோட்டுக்குத்தானே, புருஷன் கோடு அடுத்தவன் கோடா என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

தங்கபுஷ்பம் கூட்டல் குறியின்மேல் மவுஸை வைத்தாள். ஒரு சாண் இழுத்தால் போதும். ஒன்பது வருஷம் ஒரு சாண் தூரம். அவள் அழுத்திப் பிடித்துக் கொஞ்சம் இழுத்தாள். வடக்கே இருந்த முனை ஒரு நெல்லளவு தெற்கே வந்தது. எங்கோ ஒரு ரோட்டில் ஒரு மனுஷன் கால் தன் பேச்சைக் கேட்காமல் திரும்புவது அவள் விரலுக்குத் தெரிந்தது, கயிறு கட்டிய கன்று திமிறுவதுபோல. குளத்துக்குள் வணக்கம் சொல்லிக்கொண்டே இறங்கிய கவுன்சிலரின் முகம் ஞாபகம் வந்தது. அவள் கையை எடுத்துவிட்டு, இழுத்ததை ரத்து செய்தாள். முனை திரும்பிப் போனது.

"இழுத்துக் கொண்டாந்து நிப்பாட்டினா அது நின்னதாகுமா அண்ணாச்சி," என்றாள். "அந்த இடத்துல ஒரு எழுத்தும் நிக்காது."

சிந்துஜா திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள். அவள் எட்டு இதழும் சேருகிற புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம்மா, இது எந்த இடம்?"

தங்கபுஷ்பம் பார்த்தாள். ஊருக்குத் தெற்கே, செம்மண் மேடான தேரியின் ஓரத்துக் குளத்துக்கரை. அங்கிருந்து பார்த்தால் பனைகளுக்கு நடுவில் தெரிவது அவன் குடும்பத்துச் சாஸ்தா கோயில். எந்த ஊருக்குப் பிழைக்கப் போனவனும், கடன்பட்டு ஓடினவனும், கொலை செய்தவனும்கூடப் பங்குனி உத்திரத்துக்குத் தன் சாஸ்தாவைத் தேடி வந்துவிடுவான். வராதவன் எங்கே இருக்கிறான் என்று கேட்கமாட்டார்கள், இருக்கிறானா என்றுதான் கேட்பார்கள். அங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் பானை வைக்க ஓர் இடம் உண்டு. இவர்களுக்கு மூன்றாவது பனை. கட்டிவந்த வருஷத்திலிருந்து அங்கேதான் பொங்கலிட்டாள். அவன் போனபிறகு போகவில்லை. புருஷன் இல்லாமல் அவன் சாஸ்தாவுக்கு நான் எந்த முகத்தோடு பானை வைக்க என்று உத்திரத்தன்று கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருப்பாள். ஊரில் எந்தப் பெண்ணும் அதைத்தான் செய்திருப்பாள்.

"வருசா வருசம் வந்துருக்காவ," என்றாள் தங்கபுஷ்பம். "மூணாவது பனையடியில நம்ம பானை இல்லைன்னதும் திரும்பியிருக்காவ."

"நாம இல்லைன்னு நினைச்சுட்டாரோ?"

"நாம வேண்டாம்னுட்டோம்னு நினைச்சுருப்பாவ."

சிந்துஜா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உத்திரத்துக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்டாள். ஆறு நாள் இருந்தது.

அந்த ஆறு நாளும் கூட்டல் குறி தெற்கே வந்துகொண்டிருந்தது. கடைக்கு வந்தவர்கள் தங்கள் வேலையைச் சொல்லிவிட்டு, அவுக எதுவரைக்கும் வந்தாவ என்று கேட்டுவிட்டுப் போனார்கள். சோடாக்கடைக்காரர் தம்பி சொக்கலிங்கம் தினமும் காலையில் வந்து ஒரு நிமிஷம் திரையைப் பார்த்து நிற்பார். யாரும் மவுஸைத் தொடவில்லை. தங்கபுஷ்பம் லிங்கவடிவுக்குப் போன் போட்டு, பேரை மட்டும் போடுதேன் மைனி, முன்னால ஒண்ணும் வேண்டாம் என்று சொன்னாள். மணவறை விஷயம் என்று அவள் இழுத்தபோது, வந்தா ரெண்டு பேரா நிப்போம், வராட்டா நான் நிப்பேன், உசுரோட இருக்கிறவரு பொஞ்சாதி நான் என்றாள். பிறகு லிங்கவடிவு, அதுவும் சரிதான் என்றாள்.

உத்திரத்தன்று காலையில் புதுப்பானையும் அரிசியும் கருப்பட்டியும் எடுத்துக்கொண்டு தங்கபுஷ்பம் தனியாகத்தான் கிளம்பினாள். சிந்துஜா வரமாட்டேன் என்றுவிட்டாள். "நான் வந்தா அவரைக் கண்டதும் ஏசிருவேன். நீ போ. நான் கடையில இருந்து பாத்துச் சொல்லுதேன்."

தேரியில் செம்மண் காலைச் சுட்டது. பனையோலைகள் ஒன்றோடொன்று உரசி ஓயாமல் சலசலத்தன. கோயிலைச் சுற்றி வரிசை வரிசையாக அடுப்பு. புகை, பிள்ளைகளின் கூச்சல், நாகஸ்வரக்காரர் இன்னும் சுருதி சேர்த்து முடிக்கவில்லை. மூன்றாவது பனையடியில் கொழுந்தன் பெஞ்சாதி தன் அடுப்புக்கல்லைப் பரப்பி வைத்திருந்தாள். தங்கபுஷ்பத்தைக் கண்டதும் அவள் ஒன்றும் கேட்காமல் கல்லை நகர்த்தி இடம் விட்டாள். ஒன்பது வருஷமாகக் கருகாத மண் அது. தங்கபுஷ்பம் மூன்று கல் கூட்டி, கோயிலைப் பார்த்துப் பானையை வைத்து, வந்தவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். ஓலை பற்றிக்கொண்டது.

முந்தானையில் முடிந்திருந்த போன் அடித்தது.

"எம்மா, முனை தேரிக் குளத்துக்கரை வந்துட்டு."

அவள் அரிசியைக் களைந்து போட்டாள். குதிகால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. எப்போதும் அங்கேதான் திரும்புவான். இந்தப் பனைகள் கண்ணில் படுகிற இடத்தில், புகைகளை எண்ணி, ஒன்று குறைகிறது என்று கண்டுகொள்கிற இடத்தில். போனைக் காதிலேயே வைத்திருந்தாள். அந்தப் பக்கம் கடையின் மின்விசிறிச் சத்தம், அண்ணாச்சி இருமுகிற சத்தம்.

"எம்மா, நின்னுட்டு. 'ரு' வந்துட்டும்மா."

பானையில் தண்ணீர் முணுமுணுத்தது. அவள் திரும்பவில்லை. திரும்பினால் அது இழுத்ததாகிவிடும் என்று தோன்றியது.

"நகருது. கோயில் பக்கமா நகருது." சிந்துஜாவுக்கு மூச்சு வாங்கியது, அவளே நடந்து வருகிறவள்போல. "'மா' வந்துட்டு. எம்மா, கோயில் வாசல்ல 'மா' நிக்குது."

பக்கத்து அடுப்பில் கொழுந்தன் பெஞ்சாதி யாரையோ நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தவள் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு தன் பானைக்குள் குனிந்துகொண்டாள். தங்கபுஷ்பம் விறகை ஒதுக்கி, புகை அடிக்கிற பக்கத்துக்குத் தான் நகர்ந்து, எதிர்ப்பக்கத்தில் ஒரு ஆள் குந்தி உட்காரும் அளவுக்கு இடம் விட்டாள். கண் எரிந்தது. நுரை பொங்கிப் பானையின் கழுத்துக்கு வந்தது. போனில் மகள், எம்மா, என்று கூப்பிட்டாள். அதன்பிறகு அழுகிற சத்தம்தான் கேட்டது.

பொங்கி வழியும்போது குலவையிட வேண்டும் என்று தங்கபுஷ்பத்துக்கு ஞாபகம் இருந்தது, ஆனால் நாக்கு எழவில்லை. அவள் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஆடவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு காய்ந்த பனையோலை, மெதுவாக, யாரோ தள்ளிவிட அடுப்புக்குள் நகர்ந்து வந்தது.